வான் வீன் கிராப் (0.1 ச.மீ.): சேற்றில் நம்பலாம், சரளையில் ஏமாற்றும்

கடலடி வாழிடங்களை வகைப்படுத்தும் குழுக்கள் பலவற்றின் படகில் இந்தக் கிராப் ஒன்று இருக்கும். கடலடிப் படிவத்தை, அதாவது அங்கே படிந்த சேறு, மணல், கல்லை, 0.1 ச.மீ. பரப்பில் கவ்வி எடுக்கும் கருவி இது. டச்சுப் பொறியாளர் யோகான் வான் வீன் 1933-இல் வடிவமைத்தது. அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. இரண்டு வாளிகள், நடுவே ஒரு கீல், மேலே நீண்ட இரு கைகள், ஒரு கொக்கி. கயிறு இறுக்கமாக இருக்கும்வரை கொக்கி வாயைத் திறந்தே வைத்திருக்கும். தரை தட்டிக் கயிறு தொய்ந்ததும் கழன்றுகொள்ளும். வின்ச் (கயிறு சுற்றும் பொறி) இழுக்க இழுக்க வாய் மூடும். கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை என்பதே இதன் பலம்.

அந்தக் கொக்கியே தலைவலியும்கூட. அலையில் படகு ஆடும்போது கயிறு நடுநீரில் ஒரு கணம் தொய்ந்தால் போதும், கிராப் வெறும் தண்ணீரைக் கவ்விக்கொண்டு மேலே வரும். அதற்குப் பயந்து வேகமாக இறக்கினால் வேறு சிக்கல்: முன்னால் தள்ளப்படும் நீர், படிவத்தின் மேலே படர்ந்திருக்கும் மெல்லிய அடுக்கை ஊதிக் கலைத்துவிடும். இறால் இனத்தைப் போன்ற சிறு ஆம்பிபாடுகள் அதோடு போய்விடும். கடைசி 5 மீட்டரில் விநாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவான வேகம் நல்லது. வாளி மேல்மூடிகளின் ரப்பர் விறைத்திருந்தால் நீர் வெளியேற வழியில்லாமல் இந்தக் கோளாறு இன்னும் மோசமாகும்.

மேலே வந்ததும் உடனே கொட்டிவிடக் கூடாது. மூடியைத் திறந்து பாருங்கள். மேலே தேங்கிய நீர் தெளிவாக இருந்து, புழுக் குழாய்கள் நட்டது நட்டபடி நின்றால் நல்ல மாதிரி. படிவம் மூடியில் அப்பியிருந்தால் கிராப் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. எடைக்கட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். மணலில் 5 செ.மீ., சேற்றில் 7 செ.மீ. ஆழம்கூட எட்டவில்லை என்றால் அந்த மாதிரியும் வேண்டாம்.

சேற்றிலும் மணலிலும் இவ்வளவு கவனம் போதும். சரளை கலந்த தரையில்தான் இது ஏமாற்றுகிறது. வாளிகளின் உதட்டில் ஒரு கூழாங்கல் சிக்கினால் விரலளவு இடைவெளி விழும். மேலே வரும் வழியெல்லாம் அதன் வழியே சேறு கழுவிப்போகும். 63 மைக்ரானுக்குக் கீழான துகள்கள் போய், 2 மி.மீ.க்கு மேலான கற்களின் பங்கு கூடும். சரளை, மணல், சேறு விகிதத்தை வைத்துப் படிவத்துக்குப் பெயரிடும் ஃபோக் முக்கோணத்தில் குறித்தால் ‘கலப்புப் படிவம்’ என்று விழ வேண்டியது ‘கரடுப் படிவம்’ என்று விழும். சேற்றில் வாழ்ந்த மெல்லுடல் புழுக்கள் போய், கல்லில் ஒட்டியவை மட்டும் மிஞ்சுவதால் உயிரினப் பட்டியலும் அந்தத் தவறுக்கே ஒத்து ஊதும். இரண்டு சாட்சியும் ஒன்றையே சொன்னால் பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? வாயிலிருந்து கலங்கல் நீர் ஒழுகினால் அந்த மாதிரியைக் கடலிலேயே கொட்டிவிடுங்கள். மூன்று முறை இப்படியானால் ஹேமன் கிராப்புக்கு மாறுங்கள். அது பக்கவாட்டில் வாரி எடுத்துத் தகட்டோடு மூடுவதால் கல் அவ்வளவாகத் தொல்லை தராது. ஆனால் படிவம் கலங்கிவிடும். மேற்பரப்பைக் கலையாமல் பார்க்க வழியில்லை.

துகள்களின் அளவைப் பார்க்க வேண்டிய படிவத்தை, கிராப்பைத் தனியாக ஒருமுறை இறக்கி எடுங்கள். விலங்குகளை எண்ணவேண்டிய வாளியில் கரண்டி போட்டால் எண்ணிக்கை குறையும். 1 மி.மீ. சல்லடையா, 0.5 மி.மீ.யா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டின் எண்ணிக்கைகளையும் நேரடியாக ஒப்பிட முடியாது. குழாய் நீரைப் பீய்ச்சி அடித்தால் பிரிட்டில் ஸ்டார்களின் (நட்சத்திர மீன் போன்ற, எளிதில் உடையும் உயிரினம்) கைகள் உடையும், புழுக்கள் கண்ணி வழியே நழுவும். மாதிரியைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் வெங்காரம் சேர்க்காவிட்டால் அமிலம் சிறு மட்டிகளின் ஓட்டைக் கரைத்துவிடும்.

ஆழமாக வளை தோண்டும் இறால்களும், ஓடித் தப்பும் நண்டுகளும், அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் கடற்பேனாக்களும் (இறகுப் பேனா போன்ற வடிவுள்ள, பவள இனத்தைச் சேர்ந்த உயிரினம்) இதில் சரியாக அகப்படாது. அவற்றை வைத்துப் பெயரிடும் வாழிடத்துக்கு இறக்குக் கேமரா (கயிற்றில் கடலடிக்கு இறக்கும் கேமரா) கட்டாயம். அதையும் கிராப் போடும் முன்பே இறக்க வேண்டும்.

வாங்குவதானால் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள். துத்தநாகம் பூசியது மலிவு, ஆனால் அதே படிவத்தில் உலோகமும் அளக்க நினைத்தால் துத்தநாகக் கணக்கு கெடும். திறந்த வாய் தானாக மூடாமல் பூட்டிவைக்கும் பாதுகாப்பு ஊசி இல்லாததை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். திறந்து வைத்த வாய்க்கு விரல் என்றும் கல் என்றும் பேதம் தெரியாது.