பேரலா, மெக்கானிக்கா, நாமே வாங்கிய கேனா? காருக்குச் சரியான என்ஜின் ஆயில் போய்ச் சேர எது நம்பகமான வழி

பில்லில் ‘என்ஜின் ஆயில் 3.5 லி.’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன கிரேடு, என்ன தரம் என்ற விவரமே இல்லை. எங்கள் தெருமுனை மெக்கானிக் நல்ல மனிதர், கைராசிக்காரர். நான்கு வருஷமாக அவரிடம்தான் காரை விடுகிறேன். அந்தத் தடவை சர்வீஸ் முடிந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு மூன்று விநாடி என்ஜினின் மேல்பக்கம், வால்வுகளைத் தள்ளும் டேப்பட் பக்கம் டிக்டிக்கென்று சத்தம். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவரிடமே போய்க் கேட்டேன். “20டபிள்யூ-50 ஊத்தினேன் சார். நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் நிக்கும். மெல்லிசு ஆயில்லாம் தண்ணி மாதிரி ஓடிடும் சார்” என்றார். என் காரின் மேனுவலில் இருப்பது 5டபிள்யூ-30.

அவர் ஏமாற்றவில்லை. அம்பாசடர், பத்மினி காலத்தில் குருவிடம் கற்றதை அப்படியே நம்புகிறார். அந்த என்ஜின்களுக்கு அது சரியாகவும் இருந்தது. சென்னையில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள், அதனால் ஆயில் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பதற்கு முன் இதைப் பேசிவிட வேண்டும்.

வெளியே 28 டிகிரியோ 42 டிகிரியோ, சூடேறிய என்ஜினுக்குள் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து கூலன்ட்டை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். ஆயிலும் ஏறத்தாழ 90-லிருந்து 110 டிகிரிக்குள் ஓடும். கிரேடில் பின்னால் வரும் 30, 40, 50 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான எண். என்ஜினை வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டதும் அந்தச் சூட்டுக்குத்தான். முன்னால் வரும் 5டபிள்யூ குளிருக்கானது, மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கப்படுவது. ‘சென்னைக்கு எதற்கு அது’ என்று தோன்றும். ஆயில் கம்பெனிகள் தரும் விவரத்தாளில் 40 டிகிரியில் கெட்டித்தன்மை எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். நம் சித்திரை, வைகாசி மதியம் அதே 40 டிகிரிதான். அந்தச் சூட்டில் வழக்கமான 5டபிள்யூ-30 ஏறத்தாழ 60-லிருந்து 70 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) என்றால், 20டபிள்யூ-50 ஏறத்தாழ 150-க்கு மேல். கத்திரி வெயிலில் நிறுத்திய காரிலேயே இரண்டு மடங்கு கெட்டி. மார்கழிக் காலையில் வித்தியாசம் இன்னும் கூடும். ஆயில் மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏறிச் சேரும் அந்த ஓரிரு விநாடிதான் நான் கேட்ட டிக்டிக். புது என்ஜின்களில் வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரை நம்பியே வேலை செய்கின்றன. துளைகள் சிறியவை, இடைவெளிகள் குறுகியவை. அங்கே ‘கெட்டியாக இருந்தால் நல்லது’ என்பது செல்லாது.

சரி, மேனுவல் சொல்லும் ஆயில் என்ஜினுக்குள் போக மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, கம்பெனி சர்வீஸ் சென்டர். கிரேடு தவறுவதற்கு வாய்ப்பு இங்கேதான் குறைவு. கார் கம்பெனி சொன்ன ஆயில் பேரலில் வந்து இறங்குகிறது, கம்ப்யூட்டரில் மாடலைத் தட்டினால் அதற்கான ஆயிலும் அளவும் வருகிறது. வாரன்ட்டி காலத்தில் இந்தப் பதிவு ரொம்ப முக்கியம். நாளைக்கு என்ஜினில் ஏதாவது வந்தால் கையில் இருக்க வேண்டிய காகிதம் இதுதான்.

குறை என்னவென்றால், நம் கண்ணில் எதுவும் படாது. 200 லிட்டர் பேரலிலிருந்து ஹோஸ் வழியாக ஊற்றுகிறார்கள், நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபி குடிக்கிறோம். ஒரு சென்டரில் எனக்கே நடந்தது: மேனுவலில் ஃபில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர், பில்லில் 3.5. கேட்டதும் மறுபேச்சில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள், ஆனால் கேட்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் காரை விடும்போதே ஜாப் கார்டில் கிரேடையும் அளவையும் எழுதச் சொல்லிவிடுகிறேன். ஆயில் ஊற்றும் நேரத்தில் காரை ஏற்றி வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கம் நிற்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள். மேனுவலில் இல்லாத ஃப்ளஷ், அடிட்டிவ் எதையும் சேர்க்க வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, தெரிந்த மெக்கானிக். வேலையில் இவர்களுக்கு நிகர் இல்லை. ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயில் சொட்டுச் சொட்டாக வடியும்வரை பொறுமையாக விடுவார்கள், வாஷரை மாற்றுவார்கள், வடிந்த ஆயிலில் இரும்புத்தூள் மினுக்குகிறதா என்று விரலில் தொட்டுப் பார்ப்பார்கள். சர்வீஸ் சென்டரின் அவசரத்தில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் ஆயிலை அவரே வாங்கினால், கடையில் எது ஓடுகிறதோ அதைத்தான் வாங்குவார். 20 லிட்டர் பக்கெட் ஒன்றிலிருந்து ஆல்டோவுக்கும் இன்னோவாவுக்கும் ஒரே ஆயில் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். லூஸ் ஆயில் என்றால் அது உள்ளே எத்தனை மாதமாகத் திறந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, நாமே வாங்கிக் கொடுப்பது. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், எல்லோரும் ஜி.பி. ரோடு என்று சொல்லும் அந்தத் தெருவில், எந்த கிரேடு கேட்டாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். பயம் டூப்ளிகேட் ஒன்றுதான். மூடிக்குள் இருக்கும் ஃபாயில் சீல் முழுசாக ஒட்டியிருக்க வேண்டும், பேட்ச் எண்ணும் தயாரித்த மாதமும் அழியாமல் இருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. பில் தர மறுக்கும் கடையில் வாங்கக் கூடாது. விலை மற்ற கடைகளைவிடப் பாதி என்றால் தொடவே வேண்டாம். ஆன்லைனிலும் இதே கவனம் தேவை, யார் விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க்கிலும் வாங்கலாம். இந்தியன் ஆயில் பங்க்கில் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தில் மேக் என்று கம்பெனியின் சொந்தச் சரக்கே வருவதால் எனக்கு அந்த இடத்தில் நம்பிக்கை அதிகம். ஆனால் அலமாரியில் நிற்பவை பெரும்பாலும் பைக், லாரி ஆயில்கள். 0டபிள்யூ-20 தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

பிராண்ட் சண்டையில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. மணலியில் சென்னை பெட்ரோலியம் ஆலையில் லூப் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் தயாராகிறது, எண்ணூரில் கல்ஃப் ஆலை இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் நல்ல ஆயில் என்று நினைக்கத் தேவையில்லை. கேனில் கிரேடும் தரக்குறியும் மேனுவலோடு பொருந்தினால் போதும். பெட்ரோல் காருக்கு மேனுவலில் ஏ.பி.ஐ. (அமெரிக்க பெட்ரோலியம் நிறுவனம்) தரும் எஸ்.என். தரக்குறியைக் கேட்டிருந்தால் 2020-ல் வந்த எஸ்.பி. தாராளமாகப் போடலாம், புதியது பழையதின் வேலையையும் செய்யும். டர்போ பெட்ரோல் என்றால் எஸ்.பி.யே நல்லது. குறைந்த ஆர்.பி.எம்.மில் திடீரென வெடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறைத் தடுக்கும் சோதனை அதில் உண்டு.

கிரேடு எண் மட்டும் பொருந்தினால் போதாத கார்களும் உண்டு, இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே முங்கி ஓடுகிறது. அதற்கு ஃபோர்டு கேட்பது 5டபிள்யூ-20, கூடவே டபிள்யூ.எஸ்.எஸ்.-எம்2சி948-பி என்ற தரக்குறி. அது இல்லாத ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊறி உதிர்ந்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கலாம். ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் இந்தக் கார்களில் பல இப்போது தெருமுனைக் கடைக்குத்தான் வருகின்றன. அதே மாதிரிதான் 2020-க்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட டீசல்கள். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும் காருக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும், மேனுவலில் ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் தரக்குறியான ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று இருக்கும். பழைய டீசல் ஆயிலை ஊற்றினால் உடனே எதுவும் தெரியாது. எரிந்த ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் தங்கிக்கொண்டே போகும், கரியை எரிப்பதுபோல அதை எரித்து வெளியேற்ற வழியில்லை.

என் தீர்ப்பு இது. வாரன்ட்டி இருக்கும்வரை சர்வீஸ் சென்டர், ஜாப் கார்டில் கிரேடோடு. வாரன்ட்டி முடிந்த பிறகு கேனையும் ஃபில்டரையும் நான் வாங்கிக்கொண்டு என் பழைய மெக்கானிக்கிடமே போகிறேன். லேபரில் ஒரு ரூபாய் குறைத்துப் பேசுவதில்லை, ஆயிலில் அவருக்குக் கிடைக்க வேண்டிய லாபம் போகிறதல்லவா. தனித் தரக்குறி கேட்கும் காராக இருந்து கடைகளில் அந்த ஆயில் கிடைக்கவில்லையென்றால், வாரன்ட்டி முடிந்தாலும் சர்வீஸ் சென்டர்தான்.

எப்போது மாற்றுவது என்பதில் நான் மேனுவலின் 10,000 கிலோமீட்டரை நம்புவதில்லை. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் மணிக்கு 20 கிலோமீட்டர் கணக்கில் போனால், 10,000 கிலோமீட்டருக்கு என்ஜின் 500 மணி நேரம் ஓடியிருக்கும். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) ரோட்டில் 50-ல் போகிறவருக்கு அதே தூரம் 200 மணி நேரம். மேனுவலிலேயே கடின உபயோகம் என்று ஒரு பட்டியல் இருக்கும், நெரிசலும் தூசியும் குறுகிய தூர ஓட்டமும் அதில் சேரும். அதைப் படித்த பிறகு நான் 6,000-லேயே மாற்றிவிடுகிறேன். மழை வெள்ளத்தில் நின்ற காருக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. ஸ்டார்ட் பண்ணாமல் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் டோ பண்ணித்தான் கொண்டு போக வேண்டும்.

சென்ற மாதம் என் மெக்கானிக் கடையில் 5டபிள்யூ-30 கேனை நானே சீல் பிரித்துக் கொடுத்தேன். 3 லிட்டர் ஊற்றியதும் “நிறுத்துங்க அண்ணே” என்றேன். “மிச்சம் எதுக்கு சார், ஊத்திடறேன்” என்று கை நீட்டினார். ஸ்டார்ட் பண்ணி, நிறுத்தி, ஐந்து நிமிஷம் காத்திருந்து டிப் ஸ்டிக்கைத் துடைத்து இறக்கினோம், மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. முழுக் கேனையும் கவிழ்த்திருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும், கீழே சுற்றும் கிராங்க்ஷாஃப்ட் அடித்து ஆயிலில் நுரை கட்டும். மிச்சத்தை மூடி டிக்கியில் வைத்துக்கொண்டேன். அது தீர்ந்ததும் கேனை ஸ்க்ரூ டிரைவரால் நாலு இடத்தில் குத்தித்தான் காயலான் கடைக்குப் போடுவேன், அதில் யாரும் திரும்ப ஆயில் அடைத்து விற்க முடியாது. மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணினேன். டிக்டிக் இல்லை.