பாப்பாவுக்கு 13 வயசுங்க! ஏஐ மெமரி 8 மாசம் யூஸ் பண்ணுன அனுபவம்

எடுத்த எடுப்புலயே மார்க்க சொல்லிர்றேன், 5க்கு 3. முந்தி 4 குடுத்திருந்தேன், அத்தை விஷயத்துக்கு அப்புறம் ஒண்ண புடுங்கிட்டேன், அது கடைசில வரும்.

நான் ஈரோட்ல வீட்ல இருந்தே நாலு கடைக்கு கணக்கு எழுதுறவ. சாட் ஏஐ ஒண்ணுக்கு மாசாமாசம் காசு கட்டி வச்சிருக்கோம். எதுன்னு பேர் சொல்லல, ஏன்னா இந்த மெமரி, அதாவது நாம முன்ன பேசுனத ஞாபகம் வச்சுக்குற சமாச்சாரம், இப்ப பெரிய ஆப் எல்லாத்துலயும் வந்தாச்சு. சாட்ஜிபிடில 2024 பிப்ரவரில கொஞ்ச பேருக்கு மட்டும் விட்டு பாத்தாங்க, அப்புறம் 2025 ஏப்ரல்ல காசு கட்டுறவங்களுக்கு பழைய சாட் மொத்தத்தையும் மனசுல வச்சு பதில் சொல்ற மாதிரி ஆக்குனாங்க, ஜெமினிலயும் கிளாட்லயும் அதே 2025ல பழைய பேச்ச தேடி எடுக்குற வசதி வந்துருச்சு.

நல்லத முதல்ல சொல்லிர்றேன், இல்லன்னா திட்டுறதுக்குன்னே எழுதுன மாதிரி ஆயிரும். முன்ன ஒவ்வொரு புது சாட்லயும் "எனக்கு நாலு கடை, அதுல ரெண்டு மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன், மத்த ரெண்டும் மூணு மாசத்துக்கு ஒருக்கா" அப்படின்னு முதல்ல இருந்து ராமாயணம் பாடணும். இப்ப "இந்த மாசம் என்ன பாக்கி"ன்னு கேட்டா போதும், மாசாமாச கடைக்கு 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்ன் 20ம் தேதி, மூணு மாச கடைக்கு நம்ம தமிழ்நாட்டு கணக்குப்படி 22ம் தேதி, நடுவுல வர்ற மாசத்துக்கு வரிய மட்டும் 25க்குள்ள கட்டணும்னு தானா பிரிச்சு சொல்லுது. இது ஒண்ணுக்காகவே காசு குடுக்கலாம், நெஜமா.

ஆனா இது ஏதோ மனுசங்க மாதிரி நம்மள ஞாபகம் வச்சிருக்குதுன்னு நெனச்சுக்காதீங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல பார்ட்டி ஃபைல் அட்டைக்குள்ள ஒரு துண்டு சீட்டு குத்தி வச்சிருப்பாங்க பாருங்க, "இவர் லேட்டாத்தான் பில்லு குடுப்பாரு, 5ம் தேதியே போன் போடவும்"னு, அதேதான் இது. நாம பேசுறதுல இருந்து சின்ன சின்ன வரியா எழுதி வச்சுக்குது, அடுத்த தடவ நம்ம கேள்விக்கு மேல அந்த சீட்ட ஒட்டி உள்ள அனுப்புது. உள்ள பதில் சொல்ற மாடல் புதுசா எதையும் கத்துக்கல, ஒவ்வொரு தடவையும் சீட்ட படிச்சுத்தான் நம்மள தெரிஞ்சுக்குது. இன்னொரு வகை என்னன்னா பழைய சாட்ட துண்டு துண்டா வெட்டி, அர்த்தத்த நம்பரா மாத்தி வச்சுக்கிட்டு, இப்ப கேக்குறதுக்கு கிட்டத்துல வர்ற துண்டா பாத்து எடுக்குறது. கிட்டத்துலதான், கரெக்டா அதே இல்ல. அதனால பில் நம்பர், ரூபா கணக்குக்கெல்லாம் இத நம்பிராதீங்க, கணக்கு சாஃப்ட்வேர் டேலிய தொறந்து பாருங்க.

சரி, இப்ப கூத்துக்கு வருவோம். எங்க பக்கம் மகன தம்பின்னும் மகள பாப்பான்னும்தான் கூப்பிடுவோம், மாமியார அத்தைன்னு. நான் தமிழ்லதான் பேசுவேன், ஆனா அது சீட்டு எழுதுறது இங்கிலீஷ்ல. ஒரு நாள் செட்டிங்ஸ்ல போய் பாத்தா எங்க குடும்பமே வேற குடும்பமா ஆயிப்போச்சு. யூசருக்கு பத்தாவது படிக்கிற யங்கர் பிரதர் ஒருத்தன், யூசர் ஆன்ட்டி வீட்ல தங்கியிருக்காங்க, யூசருக்கு ஒரு பேபி இருக்கு. பாப்பாவுக்கு 13 வயசுங்க! ஒரு தடவ "பாப்பா சரியா சாப்பிட மாட்டேங்குது"ன்னு கேட்டதுக்கு பருப்பு தண்ணிய வடிகட்டி ஸ்பூன்ல குடுங்கன்னு சொன்னது ஏன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. தமிழ்ல எழுதி வச்சா இடம் ஜாஸ்தி புடிக்குமோ என்னமோன்னு நெனச்சேன், ஆனா 2024 மே மாசம் ஜிபிடி 4ஓ வந்தப்பவே ஒரு தமிழ் வாக்கியத்துக்கு முன்ன 116 டோக்கன் (எழுத்த அது வெட்டி எண்ணுற துண்டு) ஆனது இப்ப 35தான் ஆகுதுன்னு அத செஞ்ச ஓபன்ஏஐயே கணக்கு காட்டுனாங்க. அப்புறமும் என்னத்துக்கு அத்தைய ஆன்ட்டி ஆக்கணும்? அந்த ஒரு வார்த்தைல அப்பாவோட தங்கச்சியா மாமியாரான்னு எல்லாமே போயிருச்சு.

திருத்துறது சுலபந்தான், "நான் தம்பின்னு சொன்னா அது என் மகன், ஞாபகம் வச்சுக்கோ"ன்னு நேரா சொன்னா மாத்தி எழுதிக்குது.

அதவிட பெரிய தலைவலி, ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரு ஆள்தான்னு அது நெனச்சுக்குது. எங்க வீட்ல ஒரே டேப்லட்டு, அத நாலு பேரு தொடுவோம். தம்பி கணக்கு கேப்பான், பாப்பா ரங்கோலி டிசைன் கேக்கும், வீட்டுக்காரரு தறி மோட்டார பத்தி கேப்பாரு, எல்லாமே ஒரே யூசர் தலைல விழும். திரிகோணமிதி கணக்கு கேட்ட தம்பிக்கு தறி பாவு நீளத்த வச்சு உதாரணம் சொல்லிருக்குது, அவன் அது நல்லா புரிஞ்சுதுன்னு சொல்றான், அது வேற கதை. கடைக்காரங்க ஜிஎஸ்டி நம்பர், பேங்க் விவரம் எதையும் நான் இப்ப சாதா சாட்ல போடுறதே இல்ல. டெம்பரரி சாட்னு ஒண்ணு இருக்கும், அதுல பேசுனா சீட்டு எழுதாது, கணக்கு வேலை பாக்குறவங்க கண்டிப்பா அத பழகிக்கங்க.

இப்ப அத்தை. தீபாவளிக்கு கச்சாயம் சுட ரெண்டு கிலோ பச்சரிசிக்கு எவ்ளோ வெல்லம்னு கேட்டேன். "உங்களுக்கு சர்க்கரை இருக்கறதால வெல்லத்த பாதியா குறைக்கலாம்"னு பதில் வருது. எனக்கு ஏதுங்க சர்க்கரை? சீட்ட தொறந்து பாத்தா, யூசருக்கு டயபடிஸ், தெனமும் சாப்பாட்டுக்கு அப்புறம் யாருக்கும் தெரியாம கருப்பட்டி சாப்பிடுவாங்க. அத்தை மத்தியானம் மைக்க அமுக்கி பேசிருக்காங்க! எங்ககிட்ட கருப்பட்டிய விட்டு ஆறு மாசம் ஆச்சுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. மெதுவா கேட்டேன், "ஏன் கண்ணு, அதுகிட்ட சொன்னா உங்கிட்ட சொல்லிருமா? அந்த வரிய அழிச்சுப்போடு, பையனுக்கு தெரிய வேண்டாம்"னாங்க. அழிச்சுட்டேன்.

அழிச்சா போகல. சீட்டுல இருந்த வரிதான் போச்சு, அவங்க பேசுன பழைய சாட் அப்படியே கெடந்துருக்கு, அதுல இருந்து திருப்பி எடுத்துக்குது. ரெண்டையும் அழிக்கணும், ரெண்டும் வேற வேற எடத்துல இருக்கும், இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. எனக்கு எப்ப தெரிஞ்சுதுன்னா, ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரு மைக்குல "ராகி களி தெனமும் சாப்பிட்டா நல்லதா"ன்னு கேட்டாரு. நல்லதுதான், ஆனா நீங்க சாப்பாட்டுக்கு அப்புறம் யாருக்கும் தெரியாம திங்கிற கருப்பட்டியையும் கொஞ்சம் குறைச்சுக்கங்கன்னு அது சத்தமா சொல்லுச்சு. "நான் எப்ப தின்னேன்?"னு இவரு என்னைய பாக்குறாரு, அத்தை மோர் எடுத்துட்டு வரேன்னு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க, மோர் சொம்பு மேசை மேலயேதான் இருந்துச்சு.