பழைய ஸ்லாட் கார் மோட்டார்: டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள்

ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் பள்ளம் ஓடும் தடம், பள்ளத்தின் இரு பக்கமும் உலோகப் பட்டை, அதில் பெரும்பாலும் 12 வோல்ட். காரின் அடியில் உள்ள நாக்கு பள்ளத்துக்குள் இறங்கி ஓடும். கையிலிருக்கும் கன்ட்ரோலரை அழுத்துகிற அளவுக்கு வேகம். பிரெட் பிரான்சிஸ் இங்கிலாந்தில் 1957இல் ஸ்கேலக்ஸ்ட்ரிக்கை இறக்கியபின் ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு பரவிய விளையாட்டு. புதுச்சேரியில் இது கிடைப்பதற்குக் காரணம் நம் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள். பிரான்சிலிருந்து பிள்ளைகளுக்கு வந்த ழூயெஃப் (பிரெஞ்சு பொம்மைக் கம்பெனி), ஸ்கேலக்ஸ்ட்ரிக் பெட்டிகள் பரணில் கிடந்து, வீடு கைமாறும்போது பழைய சாமானோடு வெளியே வரும். கார் பெரும்பாலும் நொறுங்கியிருக்கும், டயர் கல்லாகியிருக்கும். மோட்டார் மட்டும் தப்பியிருக்கும். நான் சேர்ப்பது அதைத்தான்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் தடுமாறுவது மபுச்சியில். 1960களின் நடுவில் ஜப்பானின் மபுச்சி நிறுவனம் எஃப்டி16, எஃப்டி36 வகை மோட்டார்களை ரெவெல், மோனோகிராம், காக்ஸ் என்று அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றுக்கும் கொடுத்தது. உள்ளே இருப்பது ஒரே குடும்பம். மேலே தகர டப்பாவின் பெயின்ட், மூடியின் நிறம், ஒட்டிய லேபிள் வேறு. லேபிளைப் பார்த்து விலை சொல்கிறார்கள். ஆனால் டப்பாவின் ஓரத்தில் மடக்கிய இரண்டு காதுகளை நிமிர்த்தினால் மூடி கழன்றுவிடும். யார் வேண்டுமானாலும் ஆர்மேச்சரை, அதாவது உள்ளே சுழலும் கம்பி சுற்றிய பகுதியை, மாற்றியிருக்கலாம். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களே மாற்றித்தான் ஓட்டினார்கள். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் ‘ஒரிஜினல்’ என்று எனக்கு அனுப்பியதில் காது இரண்டு தடவை வளைந்த தழும்பு பளிச்சென்று தெரிந்தது. பணம் திரும்பி வரவில்லை.

அதனால் முதலில் மல்டிமீட்டர். மூன்று துருவ ஆர்மேச்சரில் கம்யூடேட்டர், அதாவது பிரஷ் உரசி மின்சாரம் கொடுக்கும் செம்புப் பகுதி, மூன்று துண்டாக இருக்கும். இரண்டிரண்டு துண்டாக மூன்று ஜோடியின் ஓமையும் (மின்தடை) அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் வந்தால் காயில் (கம்பிச் சுற்று) நலம். ஒரு ஜோடி மட்டும் மற்ற இரண்டைப் போல இரு மடங்கு காட்டினால், அந்த ஜோடிக்கு நடுவே உள்ள காயில் அறுந்திருக்கிறது, அல்லது சால்டர் பற்று விட்டிருக்கிறது. பற்று விட்டதென்றால் மறுபடி பற்றவைத்தால் போதும், தூக்கிப் போட வேண்டாம். மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழிக்க மறக்கக் கூடாது. சின்ன அளவுகளில் அதுவே ஆளைக் குழப்பிவிடும்.

இந்தச் சோதனைக்கு மிகவும் தோதானது அமெரிக்கக் கம்பெனி அரோராவின் தண்டர்ஜெட். 1963இல் வந்த உள்ளங்கைக் கார். மோட்டார் தோசை மாதிரி படுத்திருக்கும்: ஷாஃப்ட் செங்குத்து, கம்யூடேட்டர் அடியில் தட்டையாக, மேலே பல்சக்கரங்கள். சாதாரண ஆர்மேச்சர் சுமார் 16 ஓம். ‘மீன் கிரீன்’ (Mean Green) என்று பெயர் வாங்கிய வேகமானது சுமார் 6 ஓம். கம்பி பச்சையாக இருந்தாலே மீன் கிரீன் என்று விற்கிறவர்கள் உண்டு. நிறத்தை விடுங்கள், ஓமைப் பாருங்கள்.

பிட்மேன் வேறு சாதி. பொம்மை ரயில்களிலும் ஓடிய, திறந்த சட்டத்து அமெரிக்க மோட்டார். கையில் எடுத்தாலே கனம் தெரியும். அதன் காந்தம் அல்நிக்கோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். ஆர்மேச்சரை வெளியே இழுத்ததும் காந்தச் சுற்று அறுந்து, காந்தம் வலுவிழந்துவிடும். திருப்பிப் போட்டாலும் பழைய இழுவை வராது. சுத்தம் பண்ணுகிறேன் என்று பிரிக்க வேண்டாம். சட்டத்தில் இருக்கும்போதே கம்யூடேட்டரைத் துடைத்துவிடலாம்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. கடலோரக் குருசுக்குப்பம் பக்கம் குடியிருந்தால் உப்புக் காற்று மோட்டாரை விடாது. செம்பில் களிம்பு, ஷாஃப்டில் துரு, அதைவிட மோசம் பிரஷை அழுத்தும் சின்ன ஸ்பிரிங். அது துருப்பிடித்துத் தளர்ந்ததும் பொறி பறந்து கம்யூடேட்டர் கறுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில்தான் சேதம் அதிகம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஷாஃப்ட் சுழலும் புஷ்ஷில் மட்டும், கம்யூடேட்டர் பக்கம் போகாமல். அவ்வப்போது 3 வோல்ட்டில் கொஞ்ச நேரம் சுற்ற விடுவேன். பல வருடமாக நன்றாகத் தாங்குபவை மூடிய டப்பா மபுச்சிகள்தான். பிட்மேனுக்குத்தான் தாலாட்டு அதிகம்.

காயில் உண்மையிலேயே போய்விட்டால் வைண்டிங் கடை. “இத்துனூண்டுக்கா தம்பி? மிக்சி மோட்டார்னா கொண்டா” என்றார் முத்தியால்பேட்டையில் நான் போகும் கடைக்காரர். பழைய கம்பியின் தடிமனையும் சுற்றையும் எழுதிக் கொடுத்தபின் கட்டித் தந்தார், அழகாகவே. அப்படிக் கட்டியவற்றை மற்றவற்றோடு கலக்காமல், கம்பி கேஜ், சுற்று, கட்டிய வருடம் எழுதிய சீட்டோடு தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், சீட்டோடுதான் கொடுப்பேன்.