பொள்ளாச்சியில் சாய்தளம் போட்டோம், மழைக்கு எப்படி?

குளிர் நாடுகளில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு அடியில் மின்கம்பியோ வெந்நீர்க் குழாயோ பதித்துப் பனியை உருக்கிவிடுகிறார்கள். இங்கே பனி இல்லை, ஆனால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் விடாமல் பிடித்தால் சிமெண்டுத் தரையில் பாசி படர்ந்து அதே அளவுக்கு வழுக்கும்.

அம்மாயி சக்கர நாற்காலியில் இருப்பதால் வாசலில் சாய்தளம் தேவைப்பட்டது. முதலில் பார்த்த ஒருவர் எட்டடியில் முடித்துவிடலாம் என்றார், அது ஆபத்து. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதுதான் விதி, எங்கள் வாசல் ஒன்றரை அடி உயரம், அப்படியென்றால் 18 அடி வேண்டும். உள்ளூர்க் குழு ஒன்று இதைக் கேட்காமலே சொல்லி, இடம் போதாததால் நடுவில் ஒரு சமதளம் விட்டு வளைத்துக் கட்டியது.

வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது மேற்பரப்பு. சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே தென்னஞ்சீமாற்றால் குறுக்கே கோடு இழுத்தார்கள், மழையிலும் சக்கரம் பிடித்து ஏறுகிறது, தள்ளுகிறவர் காலும் நழுவவில்லை. ஓரத்தில் சின்னத் திட்டு வைத்ததால் சக்கரம் வெளியே இறங்காது.

கைப்பிடிதான் குறை. வழவழப்பான எவர்சில்வர் குழாய், நனைந்தால் பிடி கிடைப்பதில்லை, அதுவும் சொன்ன தேதிக்கு வரவில்லை. ரப்பர் உறை கேட்டு வாங்குங்கள். அப்புறம், சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றி ஆற விட வேண்டும், அதனால் சாரல் தொடங்குவதற்கு முன், வைகாசிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.