ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்: ஆறு ஆண்டுப் பழக்கத்தில் ஒரு மதிப்பீடு

என் தாயாருக்கு வயது 71. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. 2019 முதல் அவருக்கு மருத்துவம் பார்ப்பது, காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். மாதம் ஒருமுறை, சில மாதங்களில் இருமுறை என்று கணக்கிட்டால் எழுபது, எண்பது தடவையாவது அதன் வாசலில் காத்திருந்திருப்பேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கீழே நான் குறிப்பிடும் செவிலியர் யார் என்பது சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தெரிந்துவிடும். அவரோ ஒப்பந்தப் பணியில் இருப்பவர்.

முதலில் நாங்கள் அங்கே விரும்பிப் போகவில்லை. எங்கள் ஊர்க் கடைவீதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மருத்துவர் இருந்தார். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர், கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். எங்கள் அப்பாருக்கு இருந்த இழுப்பும், என் தங்கைக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாததும் எந்த ஏட்டையும் புரட்டாமல் அவருக்குத் தெரியும். அவர் காலமானபின் அந்த இடத்தில் கைபேசிக் கடை வந்தது. அவருடைய பிள்ளைகளில் ஒருவர் மருத்துவர்தான் என்றாலும் கோவையில் சிறப்பு மருத்துவராக இருக்கிறார். கொங்குச் சிற்றூர்கள் பலவற்றில் இதே கதை நடந்திருக்கிறது. குடும்ப மருத்துவர் என்ற தனியாள் போன இடத்தை அரசின் ஆரம்ப சுகாதார நிலையம் நிரப்புகிறதா என்பதே இந்த மதிப்பீட்டில் நான் பார்க்க விரும்புவது.

சமவெளியில் 30,000 பேருக்கும், தாளவாடி, கடம்பூர் போன்ற மலைப் பகுதிகளில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது நாட்டின் பொது அளவுகோல். சர் ஜோசப் போர் (Bhore) என்பவரின் தலைமையில் இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழு 1946இல் வெளியிட்ட அறிக்கை, நீண்டகால இலக்காக 10,000 முதல் 20,000 பேருக்கு ஒன்று வீதம், அதுவும் 75 படுக்கைகளோடு இருக்க வேண்டும் என்று கேட்டது. எங்கள் நிலையத்தில் இருப்பவை ஆறு படுக்கைகள். அவற்றிலும் பெரும்பாலும் பிரசவத்துக்கு வந்தவர்களே இருப்பார்கள். கட்டடம் சுத்தமாக இருக்கிறது. குடிநீர் உண்டு. கழிப்பறை காலையில் நன்றாகவும் பன்னிரண்டு மணிக்கு மேல் சுமாராகவும் இருக்கும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆகவே சர்க்கரை, அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குகிறவர்கள் வியாழனிலோ வெள்ளியிலோ போவது நல்லது. ஒன்பது மணிக்கு முன் புறநோயாளர் சீட்டு வாங்கிவிட்டால் பதினொன்றுக்குள் வீடு திரும்பலாம். நாய்க்கடி ஊசி தடையின்றிக் கிடைக்கிறது. என் அக்காள் மகனுக்கு முறைப்படி எல்லாத் தவணையும் இங்கேயே போட்டோம், ஒரு ரூபாய் செலவில்லை.

மருந்துப் பிரிவுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன், ஒரு குறையைத் தவிர. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்து வாங்குகிறது. வாங்கிய மருந்தின் மாதிரிகளை, தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண்ணிட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதிக்கிறது. ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதில் உள்ள தொகைக்கு உட்பட்டு மாவட்டக் கிடங்கிலிருந்து தேவையான மருந்தை அது எடுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டின் பலனாக, இத்தனை ஆண்டுகளில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை இல்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பியது இரண்டே முறைதான். இலவச மாத்திரையில் வீரியம் இருக்காது என்று சொல்லும் உறவினர்கள் எனக்கும் உண்டு. அவர்களுக்கு நான் என் தாயாரின் சர்க்கரை அளவுகளைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

நான் சொன்ன அந்தக் குறை, மாத்திரை அட்டையின் நிறம். ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போகும்போது அதே மருந்து வேறு நிற அட்டையில் வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாத என் தாயாருக்குப் பச்சை அட்டை என்றால் சர்க்கரை, வெள்ளி அட்டை என்றால் அழுத்தம். ஒரு மாதம் இரண்டும் வெள்ளியாக வந்துவிட, நான்கு நாள் ஒரே மருந்தை இரண்டு வேளையும் விழுங்கி, மற்றதைத் தொடாமலே இருந்திருக்கிறார். அட்டையை வெட்டிக் கையில் கொடுக்கும்போது காலை, இரவு என்று சூரியன், நிலா படம் போட்ட ஒரு சிறு காகித உறை கொடுத்தால் போதும். அதைக் கேட்டுக் கோரிக்கைப் பெட்டியில் நான் போட்ட தாள் இன்னும் அங்கேயே இருக்கலாம்.

இனி மருத்துவரைப் பற்றி. 2022 கார்த்திகையில் தாயாருக்கு அழுத்தம் கூடியிருந்ததால், அப்போதிருந்த மருத்துவர் அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தினார். மார்கழியில் இரண்டு கால்களும் வீங்கத் தொடங்கின. தை மாதம் இருந்தவர் வேறு மருத்துவர். அவர் சிறுநீரில் புரதம் பார்த்தார், இல்லை. நீர் பிரியும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். மாசியில் விடுப்புக்கு மாற்றாக வந்த மூன்றாமவர் அதையே தொடரச் சொன்னார். வீக்கம் குறையவில்லை. பயந்துபோய்க் கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இதய ஸ்கேன், கால் நரம்பு ஸ்கேன், சிறுநீரகப் பரிசோதனை என்று மூன்று தளங்களில் ஏறி இறங்கி 11,400 ரூபாய் செலவழித்தபின், எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். புறநோயாளியாகப் போனதால் காப்பீட்டு அட்டையும் உதவவில்லை. நீர் பிரியும் மாத்திரையை இரண்டாக்கி அனுப்பினார்கள். எப்போது தொடங்கியது என்று அங்கே கேட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் என்ன மாறியது என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் எங்கள் நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர். பங்குனியில் வழக்கம்போல் மாத்திரைக்குப் போனபோது, தாயாரின் நோட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே, "ஆத்தா, கார்த்திகையில தானுங்க பிரஷர் மாத்தரைய ஏத்துனாங்க? அதுக்கு முந்தி வீக்கம் இருந்துச்சுங்களா?" என்றார். "இல்லீங் நர்சம்மா, மார்கழிக் கோலம் போட உக்காரையிலதான் பார்த்தேன்" என்றார் தாயார். செவிலியர் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவர் அறைக்குள் போனார். அந்த மருந்தின் அளவு கூடும்போது கணுக்கால் வீங்குவது அறியப்பட்ட பக்கவிளைவுதான் என்று இளம் மருத்துவர் ஒப்புக்கொண்டு, அளவைப் பழையபடி 5 ஆக்கி, அழுத்தத்துக்கான இன்னொரு மருந்தான எனலாப்ரிலைச் சேர்த்து, நீர் பிரியும் மாத்திரையை நிறுத்தினார். மூன்று வாரத்தில் மெட்டி பழையபடி விரலில் சேர்ந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம், அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.)

அந்த மூன்று மருத்துவர்களில் ஒருவர்கூடக் கவனக்குறைவானவர் அல்லர் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தம் முன்னால் அன்றைக்கு உட்கார்ந்திருந்த நோயாளியைச் சரியாகவே பார்த்தார்கள். கார்த்திகை நோயாளியும் தை நோயாளியும் ஒருவரே என்பதைப் பார்க்கும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு இல்லை. சீட்டு எண் 130ஐத் தாண்டும் நாள்களில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். பல நாடுகளில் முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்று, வங்கதேசத்தில் 48 விநாடி என்றும் சுவீடனில் 22.5 நிமிடம் என்றும் கண்டது. நாம் எந்தக் கரைக்கு அருகில் இருக்கிறோம் என்பது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

முதல்நிலை மருத்துவத்தை அளக்க அமெரிக்க மருத்துவர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட் நான்கு குணங்களைச் சொன்னார்: நோய் என்றதும் முதலில் போகும் இடமாக இருப்பது, ஆண்டுக்கணக்கில் அதே உறவு தொடர்வது, பெரும்பாலான தேவைகளை அங்கேயே தீர்ப்பது, மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் இரு பக்கத்தையும் இணைப்பது. எங்கள் நிலையம் முதலாவதிலும் மூன்றாவதிலும் நன்றாகத் தேறுகிறது, நான்காவதில் பாதி. அரசு மருத்துவமனைக்குக் கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் அங்கிருந்து பதில் குறிப்பு எதுவும் இங்கே வந்து சேரவில்லை. வாய்மொழியாக நான்தான் சொன்னேன். இரண்டாவதில் தேறவில்லை. அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நார்வே மக்களைப் பற்றி 2022இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்ததில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களிடையே இறப்பு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு மருத்துவர் உண்டு. இங்கிலாந்திலும் 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய நாள் முதல் மக்கள் ஒரு பொது மருத்துவரிடம் பதிவு செய்துகொண்டே வந்திருக்கிறார்கள்.

எங்கள் நிலையத்தில் ஆறு ஆண்டுகளில் ஒன்பது மருத்துவர்களைப் பார்த்துவிட்டோம். இதற்கான காரணம் சோம்பலோ அலட்சியமோ அல்ல. ஒரு நல்ல ஏற்பாட்டின் மறுபக்கம். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் உள்ள மருத்துவ மேற்படிப்பு இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. மாநிலங்களுக்கு இவ்வாறு ஒதுக்க அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றமும் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இந்த ஒதுக்கீடு இருப்பதால்தான் நன்றாகப் படிக்கும் இளம் மருத்துவர்கள் எங்கள் ஊர் போன்ற இடத்துக்கு வருகிறார்கள். அதனால்தான் சில ஆண்டுகளில் போயும் விடுகிறார்கள். போனவர்கள் எலும்பு, குழந்தை, தோல் என்று ஏதோ ஒரு துறையில் நிபுணராகி அரசு மருத்துவமனைக்கே திரும்புவதால் மாநிலத்துக்கு நட்டமில்லை. நட்டம் ஊருக்கு. குடும்ப மருத்துவத்தையே ஒரு மேற்படிப்பாகப் படித்து, பட்டத்தோடு இதே நாற்காலியில் வந்து உட்காரும் வழி இருந்தால் நிலைமை மாறலாம். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் அதைப் பரவலாக்கச் சொல்கிறது. ஆயினும் எங்கள் நிலையத்துக்கு வந்த ஒன்பது பேரில் அதைப் படிக்க நினைப்பதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது, இதுவும் நான்கு மாதம் ஓடும் என்றே நினைத்தேன். என் கணிப்பு தவறு. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் எங்கள் வீதிக்கு வந்து திண்ணையிலேயே அழுத்தம் பார்க்கிறார். பக்கவாதத்தால் படுத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். இத்திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்ததைச் செய்தியில் பார்த்தபோது அது தகுதியானதே என்று தோன்றியது. ஒப்பிட்டுப் பார்த்தால் பிரேசிலில் 1994 முதல் நடக்கும் குடும்ப சுகாதாரத் திட்டத்திலும் இத்தகைய ஊர்ப் பணியாளர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். ஆனால் அங்கே அவர்கள் ஒரு மருத்துவரும் செவிலியரும் அடங்கிய குழுவின் அங்கம், அந்தக் குழுவுக்குப் பொறுப்பான குடும்பங்கள் இன்னின்னவை என்று வரையறுக்கப்பட்டிருக்கும். இங்கே தன்னார்வலர் எழுதும் பதிவும், மருத்துவர் பார்க்கும் சீட்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் மேற்சொன்ன செவிலியர் ஒருவர்தான். அதுவும் அவருடைய சொந்த ஈடுபாட்டால்.

பெரிய குறை ஒன்றைக் கடைசியாக வைத்திருக்கிறேன்: நேரம். புறநோயாளர் பிரிவு பெரும்பாலும் முற்பகலோடு ஓய்ந்துவிடுகிறது. எங்கள் ஊரிலிருந்து காலை ஏழரைக்குப் பனியன் கம்பெனி வண்டி புறப்படும். ஒன்றரை ஷிப்ட் என்றால் திரும்ப இரவு ஒன்பது. தறி ஓட்டுகிறவர்களின் நிலையும் அதுவே. நாற்பது வயதில் சர்க்கரை தொடங்கும் இவர்கள் பகல் வேலையை விட்டால் அன்றைய கூலி போகும். ஆகவே மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று பிரிட்டனின் வேல்சில் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியதை, எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் காலை ஏழரைக்கு நின்றால் கண்ணால் பார்க்கலாம். 2023இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலை நான்கு முதல் எட்டு வரையும் மருத்துவர் இருக்கிறார். அந்த நேர ஏற்பாட்டை, வாரம் இரண்டு நாளாவது, தொழிலாளர் நிறைந்த கிராமங்களுக்கும் நீட்டிப்பதில் என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். மருந்துக்கும் செவிலியருக்கும் மட்டும் என்றால் நான்கரை. சர்க்கரை, அழுத்தம், பிரசவம், தடுப்பூசி, நாய்க்கடி ஆகியவற்றுக்கு உங்கள் ஊர் நிலையத்துக்குத் தயங்காமல் போகலாம். போகும்போது எண்பது பக்க நோட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், சீட்டுகளை நம்பியிருக்க வேண்டாம். இப்போதுள்ள மருத்துவர் மேற்படிப்புத் தேர்வு எழுதியிருக்கிறார், இடமும் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டதும் செவிலியர் என் தாயாரின் நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: "அம்லோடிபின் 10 வேண்டாம். கால் வீங்கும். மார்கழி 2022."