ஒரு ஜோடிக்கு ஒரு உறை

மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டு மர அலமாரியில், இருபது ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த விசிடிகளும் டிவிடிகளுமாக முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எல்லையோரத்தில் வாழ்கிறவனின் சேகரிப்பு என்பது அலமாரியைத் திறந்த உடனே தெரிந்துவிடும். பாதி நாகர்கோவிலில் வாங்கியது, மீதி திருவனந்தபுரத்தில் வாங்கியது. ஒரே கதை மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகப் பல இடங்களில் இரட்டையாக நிற்கும். இந்த ஆண்டு இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் அலமாரியைத் திறந்தபோது, கீழடுக்கில் இருந்த உறைகளுக்குள் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பாச்சை உருண்டை போட்டு வைத்தும் பயனில்லை. ஒவ்வொரு சிடியாக எடுத்து, கிழிந்த பருத்தி வேட்டித் துண்டால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறலும் தடத்தோடு சேர்ந்து ஓடி, ஒரு காட்சியே போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "ஒரே கதைய ரெண்டு பாஷையில வச்சிட்டு என்ன செய்யப் போறீங்க? ஒரு ஜோடிக்கு ஒரு உறை போதும்" என்றாள்.

அந்தத் தீர்ப்பை மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்பதை நினைவை நம்பி முடிவு செய்வது நியாயமாகப் படவில்லை; நினைவில் இருப்பது பெரும்பாலும் படம் அல்ல, அதைப் பார்த்த வயதுதான். ஆகவே ஐந்து ஜோடிகளை எடுத்து, சனிக்கிழமை இரவு மலையாள மூலமும் ஞாயிற்றுக்கிழமை இரவு தமிழ் ரீமேக்குமாக ஐந்து வாரங்கள் மறுபடி பார்த்தோம். எங்களோடு அம்மையும் உட்கார்ந்திருந்தார். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன்பு மலையாளத்தில் எழுத்தறிந்து, அதன் பிறகு தமிழ்ப் பாடத்துக்கு மாறிய தலைமுறை அவருடையது. இரண்டு மொழியிலும் அவரை எந்த வசனமும் ஏமாற்றிவிட முடியாது.

முதல் ஜோடி ஃபாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993), பி. வாசுவின் 'சந்திரமுகி' (2005). இங்கே என் மனம் முன்பே முடிவு செய்து வைத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலப் படத்தின் சில காட்சிகள் எங்கள் தக்கலைப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை; எங்கள் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அந்த மர அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத பிள்ளை இங்கே இருக்க முடியாது. அதன் கறுத்த, கண்ணாடிபோல் மின்னும் தரையில் வெறுங்காலோடு நடந்த குளிர்ச்சி உள்ளங்காலில் இருக்கிறவனுக்கு, படத்தில் மரத்தூண்களும் இருண்ட நடைகளும் வரும்போது பயம் தானாகவே பிறக்கும். 'சந்திரமுகி'யின் வேட்டையபுரம் அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அங்கே எல்லா மூலையிலும் வெளிச்சம் விழுந்துவிடுகிறது. இது சார்பான தீர்ப்புதான், ஆனாலும் தீர்ப்பு.

மறுபார்வையில்தான் உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருப்பது தெரிந்தது. மூலத்தில் மோகன்லால் திரைக்கு வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. அதுவரை அந்த வீடும், அதன் பயங்கொள்ளி உறவினர்களும், எல்லாவற்றுக்கும் மேலாக ஷோபனாவின் முகமும்தான் படம். முதல் தடவை பார்க்கும்போது அவர் நடித்த கங்கையைப் புது வீட்டின் மேல் ஆர்வம் கொண்ட ஒரு பெண்ணாக மட்டுமே பார்த்தோம். முடிவு தெரிந்து பார்க்கும்போது, பழைய கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய கண்ணில் ஒரு கணம் மின்னி மறையும் அந்த ஒட்டுதல் இப்போது தனியே தெரிகிறது. 'சந்திரமுகி'யில் ரஜினிகாந்த் சண்டையோடும் பாட்டோடும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். வரவேண்டியதுதான், சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடிய படம் ஒரு மணி நேரம் நாயகனை ஒளித்து வைத்து ஓடியிருக்காது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை அவர் எடுத்துக்கொண்டதில் ஜோதிகாவுக்கு நோய் மெல்ல முற்றுவதற்கான இடம் இல்லாமல் போய்விட்டது. கட்டிலைத் தூக்கும் காட்சி இரண்டிலும் உண்டு. ஷோபனா தூக்கும்போது அது கடந்த ஒன்றரை மணி நேரத்தின் எடையைத் தூக்குவதுபோல் இருக்கிறது. ஜோதிகா தூக்கும்போது கட்டில்தான் தூக்கப்படுகிறது. கடைசி அரைமணியில் ஜோதிகா காட்டும் வெறியைக் குறை சொல்ல மாட்டேன். அது நடிகையின் குறையல்ல, திரைக்கதை அவருக்கு ஒதுக்கிய நேரத்தின் குறை.

மொழி விஷயத்தை அம்மைதான் கிளப்பினார். மூலத்தில் கங்கை தன்னையே அவளாக நினைத்துக்கொள்ளும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனக்காரி; நோய் முற்றும்போது மலையாளம் பேசும் கங்கையின் வாயிலிருந்து தமிழ் வெளிப்படுகிறது. மலையாளப் பார்வையாளருக்கு அந்நியமான ஒரு மொழி திடீரென்று படுக்கையறைக்குள் கேட்பதுதான் அங்கே திகில். எங்களுக்கோ அது அடுப்படியில் புழங்குகிற மொழி. நாங்கள் மட்டும் பயப்பட வேண்டிய இடத்தில், பேயை அடையாளம் கண்டுகொண்டவர்கள்போல் உட்கார்ந்திருந்தோம். "இவளுக்கெ தமிழு நம்ம தமிழு இல்ல, அதுதான் பயமாட்டு இருக்கு" என்றார் அம்மை, ஒரு திருத்தமாக. அந்தத் தமிழ்க் குரல் ஷோபனாவுடையதும் அல்ல, அவருக்கு மலையாளத்தில் குரல் கொடுத்தவருடையதும் அல்ல. துர்கா என்ற தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞருடையது. படம் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது பரவலாகத் தெரியவந்தது. தமிழில் எடுக்கும்போது தமிழையே அந்நியமாக்க முடியாது அல்லவா? ஆகவே சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள். அந்தத் தெலுங்கு நேராக வந்ததும் அல்ல, அதே பி. வாசு முந்தைய ஆண்டு கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'வின் வழியாக வந்தது. சென்னையிலும் மதுரையிலும் அந்தத் தெலுங்கு எப்படி வேலை செய்திருக்குமோ தெரியாது. எங்கள் வீட்டில் எனக்கு முதுகில் சில்லிட்டது தெலுங்கில்தான், தமிழில் அல்ல. ரீமேக் மூலத்தை வெல்லும் ஒரே இடம் இது. வடிவேலுவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மூலத்தின் நகைச்சுவை நடிகர்களான இன்னசென்ட்டையும் குதிரவட்டம் பப்புவையும் சேர்க்க வேண்டும், அந்த வழக்கு முடியாது. முடிவு: 'மணிச்சித்திரத்தாழ்'.

இதே பி. வாசுவின் கை இரண்டாவது ஜோடியில் சறுக்கியது ஏன் என்பது 'சந்திரமுகி'யை அடுத்துப் பார்த்ததால்தான் விளங்கியது. 'கத பறயும்போள்' (2007) ஒரு கிராமத்து முடிதிருத்துபவரின் கதை. அவருடைய பழைய நண்பரான நட்சத்திரம், கடைசியில் பள்ளி விழாவில் பேசும் வரை பெரும்பாலும் மற்றவர்களின் பேச்சில் மட்டுமே இருக்கிறார். மம்மூட்டியின் அந்தச் சில நிமிடப் பேச்சுக்காகப் படம் முழுவதும் சேமித்து வைக்கிறது. 'குசேலன்' (2008) அந்தச் சேமிப்பை முதலிலிருந்தே செலவழிக்கிறது. நட்சத்திரமாக வரும் ரஜினிகாந்த் எப்போதும் கண்ணெதிரில் இருந்தால், அவர் நம்மை மறந்துவிட்டாரோ என்ற ஏக்கம் முடிதிருத்துபவராக வரும் பசுபதியின் முகத்தில் மட்டும் இருந்து என்ன பயன்? 'சந்திரமுகி'யில் கதை தாங்கிக்கொண்ட, நாயகனைப் பெரிதாக்கும் அதே வேலை இங்கே கதையின் முதுகெலும்பிலேயே விழுந்துவிட்டது. ஞாயிறு இரவு பாதியில் அம்மை எழுந்து போய்விட்டார், நானும் வற்புறுத்தவில்லை.

மற்ற இரண்டு ஜோடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரியதர்ஷனின் 'தேன்மாவின் கொம்பத்து' (1994), கே.எஸ். ரவிக்குமாரின் 'முத்து' (1995) இரண்டும் ஒரே விதையில் முளைத்த வேறு மரங்கள். தந்தையின் முன்கதை முழுவதும் தமிழில் சேர்க்கப்பட்டது, பின்னர் ஜப்பான் வரை போய் வென்றதும் தமிழ்தான். கே.வி. ஆனந்துக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கித் தந்தது மலையாளம். எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதால், பிள்ளைகள் கைகாட்டிய 'முத்து' நின்றது. 'அனியத்திப்ராவு', 'காதலுக்கு மரியாதை' இரண்டையும் 1997-இல் ஃபாசிலே இயக்கினார். ஷாலினியே நாயகி, கடைசிக் காட்சியும் ஏறக்குறைய ஒன்றே. கோயிலும் சர்ச்சும் ஒரே முக்கில் நிற்கும் எங்கள் ஊரில் இந்தக் காதல் எந்த மொழியிலும் அந்நியமல்ல. இளையராஜாவின் இசைக்காகத் தமிழை வைத்துக்கொண்டேன். மேலே யோசிக்கவில்லை.

கடைசி ஜோடிதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஜீத்து ஜோசப்பே இரண்டையும் இயக்கியதால் 'த்ரிஷ்யம்' (2013), 'பாபநாசம்' (2015) இரண்டுக்கும் காட்சி அடுக்கில் பெரிய வேறுபாடு இல்லை; ஆகவே வேறுபாடு முழுவதும் பேச்சிலும் நடிப்பிலும் வந்து குவிகிறது. மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அப்படி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கையில் காசைத் தேவைக்கு மேல் செலவழிக்காத ஆட்களைக் குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எத்தனை பேரை வேண்டுமானாலும் காட்டுவேன். கமல்ஹாசனின் சுயம்புலிங்கமோ ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆள். விசித்திரம் என்னவென்றால், தமிழ்ப் படத்தின் நாயகன்தான் எங்களுக்கு வெளியூர்க்காரன். மலையாளப் படத்தின் நாயகன் உள்ளூர்க்காரன்.

இதனால் தீர்ப்பு எளிதாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. 'பாபநாசம்' படத்துக்கு வசனம் எழுதிய ஜெயமோகன் எங்கள் மாவட்டத்துக்காரர்; அவர் எழுதியது எங்கள் பேச்சையல்ல, நெல்லைப் பேச்சை. அந்தப் பேச்சு கதைக்குள் ஒரு வேலை செய்கிறது. குடும்பத்தைக் காக்க ஒரு இளைஞனின் மரணத்தை மறைக்கும் ஜார்ஜ்குட்டி, காவலர்களிடம் பேசும்போது சொற்களை எண்ணி வைக்கிறார். அந்த அமைதியே அவருடைய தந்திரம். சுயம்புலிங்கம் பேசிக்கொண்டே இருக்கிறார். நெல்லைப் பேச்சின் இழுவைக்குள், அந்த வெள்ளந்தித் தொனிக்குள், பொய்யை மறைக்கிறார். ஒரே பொய்க்கு இரண்டு ஒளிவிடங்கள். கடைசியில் இறந்த இளைஞனின் பெற்றோரிடம் பேசும் காட்சியை இரண்டு படத்திலும் மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். மோகன்லால் கண்ணீரை அடக்கி, பாதி ஒப்புக்கொண்டு பாதியை விழுங்கிவிடுகிறார். அவருடைய முகத்தில் குற்றவுணர்வும் கணக்கும் கலந்தே இருக்கின்றன, எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கமல் உடைந்து அழுகிறார். முதல் தடவை பார்த்தபோது அது கூடுதல் என்று எனக்குத் தோன்றியது. இப்போது, அவ்வளவு நேரம் பேசியே சமாளித்த ஒருவனுக்குப் பேச்சு தீர்ந்துபோகும் இடம் அது என்று படுகிறது. ஆனாலும் அந்த அழுகையில் பொய் மிச்சமிருக்க இடமில்லை. கதை கேட்பது அந்த மிச்சத்தைத்தான். நடிப்பின் உச்சம் தமிழில், கதைக்கு ஏற்ற நடிப்பு மலையாளத்தில் என்று சொன்னால் நழுவுவதுபோல் இருக்கும். எனக்குத் தெரிந்த நேர்மையான விடை அதுதான்.

வீட்டில் வாக்கெடுப்பு நடத்தினேன். அம்மை 'த்ரிஷ்யம்' என்றார். மனைவி 'பாபநாசம்' என்றாள். அவள் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம் என்பதால் அந்த வாக்கைச் செல்லாது என்று அறிவிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. பெரியவன் தமிழை முதலில் பார்த்தவன், தமிழ் என்றான். சின்னவள் மலையாளத்தை முதலில் பார்த்தவள், மலையாளம் என்றாள். எது முதலில் கண்ணில் பட்டதோ அதுவே மூலம் என்றாகிவிட்ட பிறகு என் அலசலுக்கு என்ன மதிப்பு என்று யோசித்துக்கொண்டே, 'குசேலன்' சிடியை எடுத்துவிட்டு அதன் இரட்டை டிவிடி உறையைத் துடைத்தேன். இடது பக்கத்தில் 'த்ரிஷ்யம்', வலது பக்கத்தில் 'பாபநாசம்'. ஒரு ஜோடிக்கு ஒரு உறைதான். மனைவி இன்னும் திறந்து பார்க்கவில்லை.