கைபேசியா, மதுரை பஸ்ஸா: மன ஆலோசனைக்கு எது?

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் இரண்டு மாதம் கைபேசியில் ஒரு ஏஐ செயலியிடம் பேசினேன். அப்புறம் மதுரையில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கி, ஏழு மாதமாகப் போய் வருகிறேன். என் சாய்வு அந்த அம்மா பக்கம்தான்.

செலவிலும் வசதியிலும் செயலிதான் மேல், அதில் பேச ஒன்றுமில்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செயலியோ நடுராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து தட்டினாலும் பதில் சொல்லும். யார் கண்ணிலும் பட வேண்டாம். நம் பக்கம் இது சின்ன விஷயமில்லை. மனசுக்கு வைத்தியம் பார்த்தது தெரிந்தால் வீட்டில் பெண் கொடுப்பது, எடுப்பது வரை பேச்சு வரும். நான் உள்ளூரில் பார்க்காததற்கும் அதுதான் காரணம்.

செயலி சொன்ன மூச்சுப் பயிற்சி எனக்கு உதவியது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் உருவாக்கிய ‘தெரபாட்’ என்ற ஏஐ ஆலோசனைச் செயலியை 210 பேரிடம் சோதித்து 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 51 சதவீதம் குறைந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் அதை ஒப்பிட்டது சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களோடு, மனித ஆலோசகரோடு அல்ல. ஆய்வாளர்களும் கூடவே கண்காணித்தார்கள்.

என்னை மாற்றியது வேறொன்று. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில் ஓடு ஒழுகுகிறது, மராமத்துக்குப் பங்குப் பணம் அனுப்பவில்லை, போனையும் எடுப்பதில்லை. இதைத்தான் செயலியில் இரவிரவாக எழுதினேன். அது ஒவ்வொரு முறையும் என் கோபம் நியாயம் என்றது, கொஞ்ச நாள் ஒதுங்கியிருங்கள் என்றது. எனக்கும் இதமாக இருந்தது. (சாட்ஜிபிடி அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. நான் பயன்படுத்தியது வேறு செயலி.)

அதே கதையை ஆலோசகரிடமும் சொன்னேன். பாதியில் நிறுத்தி, “அப்பாவை எடுக்கும்போது அண்ணன் வந்துட்டாரா?” என்று கேட்டார். வரவில்லை. திருச்சியில் இறங்கி அவர் வீடு வந்தபோது நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தோம். மூத்தவர் இருக்க, கொள்ளி வைத்தது நான். “அவன் வரட்டும்டா” என்று ஆத்தா சொன்னதை நான்தான் கேட்கவில்லை. இதை இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடச் செயலியில் எழுதியிருக்கவில்லை. எழுதாததை அது எப்படிக் கேட்கும்? அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும் வரை சும்மா இருந்தார். அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை.

எல்லா ஆலோசகரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்தது ஒருவரைத்தான். என்னுடையது துக்கம், மருந்து தேவைப்படும் நோய்களில் எனக்கு அனுபவமில்லை, அதற்கு மனநல மருத்துவரிடமே போக வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு 14416 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

செயலியை நான் அழித்துவிடவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் மூச்சுப் பயிற்சிக்குத் திறக்கிறேன். அண்ணனைப் பற்றி அதில் எழுதுவதில்லை.